பன்னிரண்டு பேருக்கும் ஒரே ஆள்

"பேசாதீங்க. தாடை அசையுது."

ஸ்பிரிங் வாயை மூடிக்கொண்டார். நான்கு நாளாக இதே கதைதான். சொல்ல வந்த விஷயம் தொண்டை வரை ஏறி வரும், மனைவி தாடை அசைகிறது என்பாள், விஷயம் வந்த வழியே இறங்கிப் போய்விடும். முப்பத்தொரு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவருக்கு ஏறுவதும் இறங்குவதும் புதிதல்ல. இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் ஏன் அப்படிக் கதவைத் தட்டினார்கள் என்பது மட்டும் இப்போதுதான் புரிந்தது.

ஸ்பிரிங் என்பது வேலை பார்த்த இடத்தில் வைத்த பெயர். மனுஷன் ஒரு இடத்தில் உட்கார மாட்டார். டீயை நின்றுகொண்டே குடிப்பார், சாப்பாட்டை நடந்துகொண்டே முடிப்பார், மாடிப்படியில் இறங்கிக்கொண்டே ஃபோன் பேசுவார். கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கும் மகள், "அப்பா, முதல்ல உக்காருங்க, அப்புறம் பேசுங்க, மூச்சு வாங்குறது இங்க வரைக்கும் கேக்குது" என்று வாரம் தவறாமல் திட்டுவாள். அப்படிப்பட்ட ஆளை ஆண்டவன் யாருக்குக் கட்டி வைத்தான் என்றால், ஒரு ஓவியக்காரிக்கு. ஓய்வு பெற்ற மறுநாள் காலையிலேயே அவள் ஜன்னலோரம் ஒரு முக்காலியைப் போட்டு, "இனிமே நீங்க வீட்லதானே இருப்பீங்க?" என்றாள். அன்று பிடித்த சனி எட்டு மாதமாக விடவில்லை.

அவள் வரைவது மனிதர்கள் ஒன்றுகூடும் இடங்களை. வாசலில் நின்று "வாங்க, வாங்க" என்பவர்கள், பேருந்து நகர்ந்த பிறகும் கையசைப்பவர்கள், லிஃப்டுக்குள் ஒருவரையொருவர் பார்க்காமல் மாடி எண்ணையே பார்த்து நிற்பவர்கள், துக்கம் விசாரிக்கப் போய் என்ன பேசுவதென்று தெரியாமல் டீ குடிப்பவர்கள். அத்தனை பேரும் ஸ்பிரிங்தான். தலையில் போர்வையைப் போட்டுக்கொண்டு துக்க வீட்டுக் கிழவியாக உட்கார்ந்தார். தலையணையை வயிற்றில் கட்டிக்கொண்டு பிள்ளைத்தாய்ச்சியாக நின்றார். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையாகவும் சாவு வீட்டில் பிணமாகவும் தானே இருக்கவேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களை ஊரில் கேலி செய்வார்கள். ஸ்பிரிங் ஆசைப்படாமலேயே இரண்டாகவும் இருந்து பார்த்துவிட்டார். பிணமாகப் படுத்ததுதான் கஷ்டமாக இருந்தது, நடுவில் இரண்டு முறை தும்மிவிட்டார்.

வேறு ஆளே கிடைக்கவில்லையா என்றால், அவள் தேடவே இல்லை. இருபது வருடம் பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சராக இருந்தவள்தான். ஆனாலும் முன்பின் தெரியாத ஆளை ஐந்து நிமிடம் உற்றுப் பார்க்க அவளுக்குக் கூச்சம். எதிர்வீட்டில் யாராவது கதவைத் திறக்கும் சத்தம் கேட்டால், அவர்கள் படியிறங்கிப் போகும் வரை தன் கதவைத் திறக்க மாட்டாள். மனிதர்கள் கூடுவதைப் பற்றி மாய்ந்து மாய்ந்து படம் போடுகிறவளுக்குக் கூட்டம் ஆகாது. கேட்டால் சிரிப்பு வரும், கூடவே இருக்கிறவருக்கு அவ்வளவாக வராது.

அவர் சொல்ல வந்த விஷயம் இதுதான். போன வாரம் பழைய ஃபோர்மேன் ஃபோன் செய்திருந்தார். ரயிலில் எட்டு மணி நேரம் தள்ளி இருக்கும் ஒரு ஊரில் இருபத்திரண்டு மாடிக் கட்டடம் எழும்புகிறது. ஒன்பது லிஃப்ட். இரண்டு வருட வேலை, தங்க அறை உண்டு. "எனக்கு உன்னை விட்டா ஆள் இல்லடா ஸ்பிரிங்கு. திங்கட்கிழமை வேலை ஆரம்பம். வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லிடு" என்றார்.

ஒன்பது லிஃப்ட் என்று கேட்டதுமே அவருக்குக் கால் துறுதுறுத்தது. ஆனாலும் போகத்தான் ஆசையா, அல்லது போகிறேன் என்று சொன்னால் ஒரு ஆள் "போகாதீங்க" என்று சொல்லவேண்டும் என்ற ஆசையா என்று அவருக்கே விளங்கவில்லை. அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. சொன்னதும் அவள், "அய்யோ, அப்ப படத்துக்கு யாரு உக்காருவா?" என்று கேட்டுவிட்டால்? அந்த ஒரு கேள்வியைக் காதில் வாங்கும் தெம்பு அவருக்கு இல்லை.

"தோளை இறக்குங்க. இப்ப நீங்க யாரு தெரியுமில்ல?"

"ஸ்டோர்கீப்பர்."

"ஸ்டோர்கீப்பர் இப்படியா நிப்பாரு?"

"அவருக்கு இடுப்பு வலி. ஒரு பக்கமா சாஞ்சுதான் நிப்பாரு."

"அப்படியே சாஞ்சு நில்லுங்க. பேசாதீங்க."

இது பெரிய படம். சுவர் அளவு. அடுத்த செவ்வாய்க்கிழமை திறக்கப் போகிற அவளுடைய முதல் கண்காட்சியில் நடுச்சுவர் இதற்குத்தான். ஒரு பட்டறை அறை, நீள மேஜை, காகிதக் கோப்பைகள், பன்னிரண்டு பேர். நடுவில் ஓய்வு பெறுகிறவருக்கு ஃபோர்மேன் கை கொடுக்கிறார். ஆமாம், அது ஸ்பிரிங்குடைய பிரிவுபசார விழாவேதான். எட்டு மாதத்துக்கு முன்னால் நடந்தது. அவள் அதற்கு வரவில்லை. நாலு மணிக்கு வருகிறேன் என்றவள் வரவில்லை. இரவு வீட்டுக்கு வந்து கேட்டபோது, "மத்தியானம் வெளிச்சம் அவ்வளவு நல்லா இருந்துச்சுங்க, கையை எடுக்கவே மனசு வரல" என்றாள். விழாவில் போட்ட மாலையை அவர் ஆணியில் மாட்டிவிட்டு முகம் கழுவப் போனார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. நாலு மாதம் கழித்து அவளே வந்து, "உங்க விழாவை வரையப் போறேன். யார் எங்க நின்னாங்க, எல்லாம் சொல்லுங்க" என்றாள்.

வராதவள் வரைகிறாள்! அவருக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனாலும் சொன்னார். சொல்லச் சொல்ல அவரே ஒவ்வொருவராக நின்றும் காட்டினார். இடுப்பு வலிக்கார ஸ்டோர்கீப்பர், கோப்பையை இரண்டு கையாலும் பிடிக்கும் துப்புரவுக்காரம்மா, சிரிக்கும்போது வாயை மூடிக்கொள்ளும் டைப்பிஸ்ட். கடைசியாகத் தானாகவே நின்றார். "அன்னைக்கு எப்படி நின்னீங்களோ, அப்படியே நில்லுங்க" என்றாள். அப்படியே நின்றார். அவளும் அப்படியே வரைந்தாள், ஒரு கேள்வி கேட்காமல்.

புதன்கிழமை கண்காட்சி நடத்தும் கேலரிக்காரம்மா படங்களைப் பார்க்க வந்தார். நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்த அந்த அம்மாள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, மளிகைக்கடையில் புளி பார்ப்பதுபோல ஒவ்வொரு படத்தையும் கிட்டப் போய்ப் பார்த்தார். சின்னப் படங்கள் ஏழும் தேறிவிட்டன. லிஃப்ட் படத்தைப் பார்த்துச் சத்தமாகச் சிரித்தார். ஸ்பிரிங்குக்குப் பெருமை தாங்கவில்லை, அதில் நிற்கிற எல்லாரும் அவர்தானே. பெரிய படத்துக்கு முன்னால் மட்டும் அந்த அம்மாள் ரொம்ப நேரம் நின்றார்.

"எல்லாரும் வந்திருக்காங்க," என்றார் கடைசியில். "ஆனா யாரும் யாரோடவும் இல்லையே?"

"அதைத்தாங்க நான் சொல்ல நினைச்சேன்," என்றாள் மனைவி அவசரமாக. "கூட்டத்துல இருக்கற தனிமை."

"இல்லம்மா. பக்கத்துல ஆள் இருந்தும் தனியா நிக்கிறது வேற. இது ஒவ்வொருத்தரையும் தனித்தனியா வெட்டிக் கொண்டாந்து ஒட்டின மாதிரி இருக்கு. இந்தக் கை குலுக்குறதைப் பாருங்க. படத்தோட நடுவே இதுதான். இந்தக் கை என்னத்தைப் பிடிச்சிருக்கு? ஆள் கையைப் பிடிச்ச மாதிரியே இல்லையே."

ஸ்பிரிங்குக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு பெரிய மனுஷி கேட்கிறார், பதில் தெரிந்தவர் சும்மா நிற்கலாமா?

"அது கதவுக் கைப்பிடிங்க," என்றார். "அந்தா, அந்தக் கதவுதான். முதல்ல இந்தப் பக்கம் நின்னு நானா பிடிச்சேன். அப்புறம் அந்தப் பக்கம் போய் ஃபோர்மேனா பிடிச்சேன்."

உண்மையைப் போட்டு உடைத்த பிறகுதான் மனைவியின் முகத்தைப் பார்த்தார். அதில் ஈயாடவில்லை. கேலரிக்காரம்மா சிரிக்கவில்லை. கதவை ஒரு முறை பார்த்தார், படத்தை ஒரு முறை பார்த்தார்.

"ஆமா. திறந்துக்கிட்டு வெளிய போற பிடிதான் இது," என்றார். "இன்னொண்ணு. நடுவுல இருக்கறவர் கையை ஒருத்தருக்குக் குடுத்துட்டு எங்கயோ பாக்கறாரே, அது எங்க?"

"அவர் நின்ன மாதிரிதான் வரைஞ்சேன்," என்றாள் மனைவி, குரல் செத்து.

"இந்தப் படத்துல அந்தப் பார்வை ஒண்ணுதான் நிஜம். ஏன்னு எனக்குத் தெரியல." பையை எடுத்துக்கொண்டார். "சனிக்கிழமை காலைல வண்டி வரும். அதுக்குள்ள கையைச் சரி பண்ண முடிஞ்சா இதையும் ஏத்தலாம். இல்லைன்னா ஏழோட நிறுத்திக்கலாம்மா. தப்பா நினைக்காதீங்க."

அவர் படியிறங்கிய சத்தம் அடங்கியதும் மனைவி இவர் பக்கம் திரும்பினாள். "சபையில என் மானத்தை வாங்கிட்டீங்களே! கதவுக் கைப்பிடின்னு யாராவது கேட்டாங்களா?"

"கேட்டாங்களே."

"ஒரு நாள்... ஒரு நாளாவது உங்களால சும்மா இருக்க முடியுதா?"

எட்டு மாதமாகச் சும்மா இருந்தவருக்கு இது சுருக்கென்று தைத்தது. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். மூன்று தெரு நடந்து, ஃபோனை எடுத்து, ஃபோர்மேனின் எண்ணை அழுத்தப் போய், அழுத்தாமல் மூன்று தெருவும் திரும்பி நடந்து வந்தார்.

வியாழக்கிழமை முழுவதும் அவள்தான் ஸ்பிரிங் ஆனாள். குட்டி போட்ட பூனை மாதிரி அந்த அறையையே சுற்றி வந்தாள். பழைய கையுறையில் துணியை அடைத்து அவர் கையில் கொடுத்துப் பார்த்தாள், பிடி செத்த மீனைப் பிடித்தது போல வந்தது. கண்ணாடி வைத்துப் பார்த்தாள். கீழே மருந்துக்கடைக்காரரை ஒரு பத்து நிமிடம் கூப்பிடலாம் என்று அவர் சொன்னார். அவள் கதவு வரை போனாள், தாழ்ப்பாளில் கையை வைத்தாள், திரும்பி வந்துவிட்டாள். துடைத்துத் துடைத்துப் படத்தின் நடுவில் இரண்டு கையும் இருந்த இடம் சாம்பல் நிறத்தில் ஒரு கறையாகக் கிடந்தது. சாயங்காலம் அந்தக் கறையைப் பார்த்துக்கொண்டே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.

அவள் அழுதால் அவருக்குத் தாங்காது. கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"நீயே குடேன் கையை," என்றார்.

"நான் குடுத்தா யாரு வரையறது?"

கேள்வி நியாயமானதுதான். கை குலுக்க வலது கை வேண்டும், வரையவும் அவளுக்கு அதே வலது கைதான் வேண்டும்.

"வரைய வேணாம். சும்மா பிடிச்சுப் பாரு. பாத்து மனசுல வெச்சுக்கோ, அப்புறமா வரை."

அவள் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள். பிரஷ்ஷை டர்பென்டைன் குவளையில் போட்டாள், விரல்களைப் புடவையில் துடைத்துக்கொண்டாள், எழுந்து வந்து எதிரே நின்று கையை நீட்டினாள். முப்பது வருடம் குடும்பம் நடத்தினவர்கள் கை குலுக்குவதில்லையே. எப்படிப் பிடிப்பதென்று இருவருக்கும் தெரியவில்லை. முதலில் விரல்கள் இடித்துக்கொண்டன. பிறகு உள்ளங்கை உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. அவள் கை இவ்வளவு சொரசொரப்பாக ஆகியிருக்கும் என்று அவர் நினைக்கவில்லை. பெயிண்ட் கழுவும் டர்பென்டைன் தின்று தின்று தோல் வெடித்துப் போயிருந்தது.

அவள் குனிந்து கைகளையே பார்த்தாள். கட்டைவிரல் எங்கே அமுங்குகிறது, நரம்பு எங்கே எழும்புகிறது என்று வாய்க்குள் முணுமுணுத்தாள். ஒரு நிமிடம் ஆகியிருக்கும். முணுமுணுப்பு நின்றது.

"ஏன் உங்க கை இப்படி வேர்க்குது?"

"ஒண்ணுமில்ல."

"பொய் சொல்லாதீங்க. என்ன விஷயம்?"

எட்டு மாதமாக எட்டடி தூரத்திலிருந்து அவரை அங்குலம் அங்குலமாகப் பார்த்தவள், இந்தக் கேள்வியை இப்போதுதான் கேட்டாள்.

"வேலை ஒண்ணு வந்திருக்கு," என்றார். "வெளியூர். ரெண்டு வருஷம். நாளைக்குள்ள பதில் சொல்லணும்."

"எப்ப வந்துச்சு?"

"போன வாரம்."

"ஒரு வாரமா ஏன் சொல்லல?"

"தாடை அசையும்."

கிண்டலாகச் சொல்ல நினைத்தார், வரும்போது கிண்டலாக வரவில்லை. அவள் வாயைத் திறந்தாள். படத்துக்கு யாரு உக்காருவா என்று கேட்கப் போகிறாள் என்று அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்துச் சட்டைப்பையில் ஃபோன் அடித்தது. வலது கையை அவள் விடவில்லை. இடது கையால் ஃபோனை எடுத்தவர் தடுமாறியதில் ஸ்பீக்கர் அழுந்திவிட்டது.

"என்னடா ஸ்பிரிங்கு, பதிலையே காணோம்?" ஃபோர்மேனின் குரல் அறை முழுக்கக் கேட்டது. "வீட்ல சொன்னியா இல்லையா? வீட்டம்மாவுக்கு உடம்பு எப்படி இருக்கு? அன்னைக்கு விழாவுக்கே வர முடியாம காய்ச்சல்ல படுத்துட்டாங்கன்னு சொன்னியே. அவங்கள விட்டுட்டு வர முடியுமான்னு யோசிக்கிறியா?"

ஸ்பிரிங் கண்ணை மூடிக்கொண்டார். அன்று விழாவில் பதினோரு பேரும் மாற்றி மாற்றி "வீட்ல வரலையா?" என்று கேட்டபோது வாய்க்கு வந்த பொய் அது. எட்டு மாதமாக அதைக் காப்பாற்றி வந்திருந்தார்.

"சார்," என்றாள் அவள். எதிர்வீட்டுக்காரருக்குக் கதவு திறக்கக் கூச்சப்படுகிறவள், முன்பின் பேசியிராத மனிதரிடம் பேசினாள். "நான்தாங்க பேசறேன். எனக்கு அன்னைக்குக் காய்ச்சல் இல்லீங்க. நான் வரல. அவ்வளவுதான். படம் போட்டுட்டிருந்தேன்."

"தெரியும்மா," என்றார் ஃபோர்மேன். குரலில் அதட்டல் போய்விட்டிருந்தது. "எங்க எல்லாருக்குமே தெரியும். காய்ச்சல்னு சொன்ன ஆளு எதுக்கும்மா ஒரு மணி நேரம் வாசலையே பாத்துக்கிட்டு நிக்கணும்? நான் கை குடுக்கும்போதுகூட அவன் என்னைப் பாக்கல."

அவள் திரும்பிப் படத்தைப் பார்த்தாள். நடுவில் நிற்பவரின் கண்ணை நாலு மாதமாக அவள்தான் வரைந்திருந்தாள். இமையை மூன்று முறை திருத்தியிருந்தாள், விழியில் ஒரு பொட்டு வெள்ளை வைத்திருந்தாள். அவருடைய கையை எலும்பு வலிக்கும்படி இறுக்கினாள்.

"சரி, நான் அப்புறமா பேசறேனே," என்றார் ஃபோர்மேன் சங்கடப்பட்டு.

"இல்ல சார், இருங்க," என்றார் ஸ்பிரிங். மனைவியைப் பார்த்தார். "நீ சொல்லு."

"போகாதீங்கன்னு சொல்லத்தான் ஆசை," என்றாள் அவள், கண்ணீரைத் துடைக்காமல். "படத்துக்காக இல்ல. நீங்க இல்லாம எனக்கு இந்த வீட்ல ஆகாது. ஆனா அன்னைக்கு வராதவ, இன்னைக்கு உங்களை எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுத் தடுக்கிறது? உங்களுக்குப் போகணும்னு இருக்கா?"

இந்தக் கேள்விக்கு ஒரு வாரமாகக் கிடைக்காத பதில் இப்போது தானாக வந்தது.

"இருக்கு," என்றார். "ஒன்பது லிஃப்ட். என்னால முக்காலியில உக்கார முடியலம்மா. கோவத்துல போகல. இப்ப கோவம் இல்ல."

"அப்ப போங்க."

"சார், வரேன்," என்றார் ஃபோனில். "திங்கட்கிழமை முடியாது. புதன்கிழமை. செவ்வாய்க்கிழமை இவ கண்காட்சி திறக்கறாங்க. நான் அங்க இருக்கணும்."

ஃபோர்மேன் ஏதோ முணுமுணுத்துவிட்டு ஒத்துக்கொண்டார். ஃபோனைச் சட்டைப்பையில் போட்டார். ஜன்னலில் வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. கை வரைய வேண்டுமானால் விளக்கைப் போட்டாக வேண்டும். இரண்டு பேரும் நகரவில்லை.

"மாசத்துக்கு ரெண்டு தடவை," என்றாள் அவள். "நீங்க அலைய வேணாம். நான் ரயிலேறி வரேன்."

"நீயா? எட்டு மணி நேரம். ரயில்ல கூட்டமா இருக்கும்."

"இருக்கட்டும்."

"வெளிச்சம் நல்லா இருந்தாலும் வருவியா?"

கேட்டிருக்கக் கூடாதோ என்று அவருக்கு உடனே தோன்றியது. அவள் கோபிக்கவில்லை. ஜன்னலைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், உதட்டைக் கடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள்.

"வருவேன்," என்றாள்.

சட்டென்று சொல்லியிருந்தால் அவர் நம்பியிருக்க மாட்டார்.